காட்டன் துரையும் கழன்ற கீலும்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



வளாகப் பாதுகாப்பு என்ற தலைப்பில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும் என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் நானும் எல்லோரையும் போலத்தான் ஆரம்பித்தேன். ஹெல்மெட் போடுங்கள், ஷூ போடுங்கள், முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தபோது எனக்கே தூக்கம் வந்தது. பழைய மலர்களைப் புரட்டினால் அநேகமாக ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் படித்ததில்லை.

அதனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறேன். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் பெயராவது தெரிந்திருக்கும். சிவில் மாணவர்களுக்கு இரண்டு மார்க் கேள்வியாகவும் தெரிந்திருக்கும். சர் ஆர்தர் காட்டன்.

பாதுகாப்புக்கும் காட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு அந்தச் சம்பந்தம் ஒரு கீலிலிருந்து வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கான்கிரீட் லேப். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய கட்டியை அழுத்தும் மெஷினில் வைத்து உடைக்கிறோம். கட்டி உடையும்போது சில்லு தெறிக்கும் என்பதால் மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. அந்தக் கதவின் மேல் கீல் கழன்று ரொம்ப நாளாகிறது. கதவைச் சாத்தினால் நிற்காது. யாரோ ஒரு சணல் கயிறு போட்டு அதைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாங்கள் முதல் முறை லேபுக்குப் போனபோது சீனியர் அண்ணன் ஒருவர் அக்கறையாகச் சொன்னார், கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்க என்று. நாங்களும் ஜூனியர் தம்பிகளுக்கு அதே அக்கறையோடு அதையே சொன்னோம். இப்படி எத்தனை பேட்ச் கைமாறியதோ!

ஒரு நாள் என் வகுப்புத் தோழன் டயலில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தலையை முன்னால் நீட்டினான். கட்டி உடைந்தது. ஒரு சில்லு வந்து புருவத்துக்கு மேலே வெட்டிவிட்டது. மூன்று தையல். அரை இஞ்ச் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று தையல் போட்ட டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் துறைத் தலைவர் வகுப்புக்கு வந்தார். கீல் கழன்றிருந்தது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம். யார் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அவர் திட்டவே இல்லை, போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த வார லீவில் ஜீயபுரம் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போனேன். தாத்தா பாசன வாய்க்காலில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதகுக் கதவை ஏற்றி இறக்குவது, கரையில் ஓட்டை விழுகிறதா என்று நடந்து பார்ப்பது, தண்ணீர் அளவைக் குறித்து வைப்பது இதெல்லாம்தான் அவர் வேலை. கீல் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மறுநாள் காலை என்னை பஸ்ஸில் ஏற்றி முக்கொம்புக்குக் கூட்டிப்போனார். பூங்காவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அணையைப் பார்த்தேன். காட்டன் துரை கதையை அவர் பாதி சொன்னார். மீதியை நூலகத்தில் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்தர் காட்டன் 1803-ம் ஆண்டு மே 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் மொத்தம் பதினோரு பேர். பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். நம்மில் பலர் பத்தாவது முடித்துவிட்டு இங்கே சேர்ந்த அதே வயசு. படிப்பு முடிந்து, வேல்ஸ் பகுதியில் கொஞ்ச காலம் சர்வே வேலை. 1821-ல் சென்னைக்கு வந்து இறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது.

வந்ததும் அணை கட்டவில்லை. பாம்பன் கால்வாய்ப் பகுதியைச் சர்வே செய்யப் போனார். பிறகு முதல் பர்மா யுத்தத்தில் இரண்டு வருஷம். அதையெல்லாம் தாண்டி 1820-களின் கடைசியில் காவிரிப் பாசனப் பகுதி அவர் கைக்கு வந்தது. இருபத்தைந்து வயசு இளைஞர். நம்ம ஊரில் அந்த வயசில் சைட் சூப்பர்வைசர் வேலைக்கே அனுபவம் கேட்கிறார்கள்.

அப்போது இங்கே என்ன பிரச்னை என்பதைப் புரிந்துகொள்ள வரைபடம் ஒன்றை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரோடே திருச்சிப் பக்கம் வருகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே தீவாக ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறும் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி வருகின்றன. அங்கேதான் கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை. காவிரித் தண்ணீர் அங்கே கொள்ளிடத்தில் விழுந்து ஓடிப்போகாமல் தடுத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பி விடுவது அதன் வேலை.

கொள்ளிடம் நேராக ஓடும் ஆறு, படுகை தாழ்வு, வாட்டம் அதிகம். தண்ணீர் எப்போதும் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷா வருஷம் முக்கொம்பில் தண்ணீர் கொள்ளிடத்துப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தது. காவிரியில் வேகம் குறைந்து மணல் படிந்தது. மணல் படிந்ததால் படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்ததால் இன்னும் தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போனது. தஞ்சாவூர் நஞ்சைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைவனம் ஆகிற நோய் பிடித்திருந்தது என்று சொல்லலாம். ஒரே ராத்திரியில் நடந்திருந்தால் ஊரே எழுந்து நின்றிருக்கும். வருஷத்துக்கு ஓரிரு அங்குலம் என்றால் யார் கவனிக்கிறார்கள்? கழன்ற கீல் மாதிரிதான்.

காட்டனுக்கு முன்னால் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1804 வாக்கில் கால்டுவெல் என்ற கம்பெனி எஞ்சினியர் கல்லணையை உயர்த்தச் சொன்னார், அப்படியே செய்தார்கள். (இவர் மொழிநூல் எழுதிய கால்டுவெல் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உயர்த்தியதில் காவிரிப் பக்கம் இன்னும் மணல் தேங்கியதுதான் மிச்சம். காட்டன் 1830-ல் கல்லணையிலேயே மணல் போக்கிகளை வைத்தார். அடியிலிருந்து மணலோடு சேர்த்துத் தண்ணீரை வெளியே தள்ளும் மதகுகள் அவை. ஆனால் அதுவும் போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நோய் இருப்பது கிழக்கே இல்லை, மேற்கே ஆறு பிரிகிற இடத்தில் என்று சொல்லி, கொள்ளிடத்தின் தலைப்பிலேயே ஓர் அணை கேட்டார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. கொள்ளிடத்தில் தோண்டத் தோண்ட மணல்தான். பாறை கிடையாது. பாறை இல்லாத இடத்தில் கல் கட்டடம் எப்படி நிற்கும்? அன்றைய இங்கிலாந்துப் படிப்பில் இதற்குச் சுலபமான விடை இல்லை. விடை பதினைந்து மைல் கிழக்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தது. கல்லணை மணலில்தான் நிற்கிறது. பெரிய கற்களை ஆற்றில் போடு, அது மணலில் இறங்கும். அதன் மேல் மறுபடி போடு, அதுவும் இறங்கும். இனி இறங்காது என்கிற வரை போட்டுக்கொண்டே இரு. அடித்தளம் போட நம் முன்னோர் கண்ட வழி இது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டு ஜனங்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று காட்டன் வயசான காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். ஆளும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி எழுதியது சாதாரண விஷயமில்லை.

கல்லணையைப் பார்த்த தைரியத்தில் மேலணைக்கு அவர் ஆற்று மணலில் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அதன் மேல் தாழ்வான சுவரைக் கட்டினார். சுவர் தாண்டி விழும் தண்ணீர் கீழே மணலைப் பறிக்குமே? அதற்காகக் கீழ்ப்பக்கம் தளமும் அதற்கப்பால் சும்மா கொட்டி வைத்த பெரிய கற்களும். கலவை போட்டு ஒட்டாத கற்கள். இப்போது முக்கொம்பில் நாம் மேலணை என்று சொல்வது இதைத்தான். அதே 1836-ல் கொள்ளிடத்திலேயே ரொம்ப தூரம் கீழே அணைக்கரையில் கீழணையும் முடிந்தது. மேட்டூர் அணை வருவதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முந்தைய கதை இது. தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல யாரும் கிடையாது. ஆறு காய்ந்திருக்கும் மாதங்களுக்குள் வேலை முடிந்தாகணும். முடியவில்லையென்றால் கட்டியதை ஆறு எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் கொட்டிய கற்களைக் காட்டித்தான் தாத்தா எனக்குப் பாடம் எடுத்தார். அணையில் முக்கியமான இடம் எது தெரியுமா என்று கேட்டார். சுவர் என்றேன். மதகு என்றேன். இல்லையாம். கீழ்ப்பக்கம் கிடக்கும் இந்தக் கல்தானாம். ஒவ்வொரு வெள்ளத்திலும் அதில் கொஞ்சம் மணலுக்குள் இறங்கும், கொஞ்சம் உருண்டு போகும். அது போவதற்கென்றே போட்டது. அணைச் சுவர் போகாமல் இருக்க அது போகிறது. வெள்ளம் வடிந்ததும் எவ்வளவு போயிருக்கிறது என்று இறங்கிப் பார்த்து, போன அளவுக்கு மறுபடி கொட்டணும். ஒரு கோடை பார்க்காமல் விட்டால் தெரியாது. இரண்டு கோடை விட்டாலும் தெரியாது. அதுதான் அதில் இருக்கிற ஆபத்து என்றார்.

புத்தகத்திலும் இதையே வேறு மாதிரி படித்தேன். மேலணை கட்டியவுடன் எல்லாம் சுபம் என்று ஆகவில்லை. காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது, தஞ்சாவூர் பிழைத்தது, கம்பெனிக்கு வரி வருமானம் ஏறியது, எல்லாம் உண்மை. ஆனால் இப்போது காவிரிப் பக்கம் தண்ணீர் அதிகமாகி, படுகையை அறுக்க ஆரம்பித்துவிட்டது. கரைகளுக்கு ஆபத்து. பத்து வருஷத்துக்குள் மேலணையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்டவேண்டி வந்தது. ஒரு பக்கத்தைச் சரி செய்தால் இன்னொரு பக்கம் என்ன ஆகிறது என்று போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கணும். பார்த்தார்கள், அதனால் தெரிந்தது, சரி செய்தார்கள்.

நம் கிராமங்களில் இதற்குக் குடிமராமத்து என்றே பெயர் இருந்தது. கோடையில் ஊரே சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரும், கரையை உயர்த்தும். யாரும் வந்து சர்க்குலர் ஒட்டத் தேவையில்லை. வரவில்லையென்றால் ஊரில் கேட்பார்கள். 1858-ல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு இந்த வழக்கத்தைச் சட்டமாக்கப் பார்த்தது. சட்டம் வந்தது. வழக்கம் என்னமோ தேய்ந்துகொண்டே போனது. ஆற்றையும் ஏரியையும் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று ஆனபிறகு, கரையில் நண்டு வளை பெரிதாவதைப் பார்த்தவன்கூட எனக்கென்ன என்று போக ஆரம்பித்தான் என்பது தாத்தாவின் கருத்து. ஒரு லஸ்கர் எத்தனை மைல்தான் நடப்பான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

காட்டனிடம் திரும்புவோம். காவிரி வேலையில் காய்ச்சலும் களைப்பும் சேர்ந்து உடம்பு கெட்டுப்போய் ஆஸ்திரேலியப் பக்கம் டாஸ்மேனியாவுக்குப் போனார். 1841-ல் அங்கேயே எலிசபெத் லியர்மாந்த் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு திரும்பி வந்தார். அடுத்து கோதாவரி. 1830-களின் பஞ்சத்தில் அந்தப் பகுதி சீரழிந்து கிடந்தது. பெரிய ஆறு பக்கத்திலேயே ஓடிக் கடலில் கலக்க, கரையில் ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள். 1847-ல் தவளேஸ்வரத்தில் ஆரம்பித்து 1852-ல் அணையை முடித்தார். ஆற்றின் கிளைகளுக்குக் குறுக்கே நாலு கிலோமீட்டர் அளவுக்குச் சுவர். அடித்தளம்? மறுபடியும் மணல். நம்ம கல்லணைப் பாடம்தான் அங்கேயும் கைகொடுத்தது. இன்றைக்கும் ராஜமுந்திரிப் பக்கம் ஊருக்கு ஊர் குதிரைமேல் உட்கார்ந்த காட்டன் சிலை உண்டு. தங்கள் முன்னோர்களோடு சேர்த்து அவர் பெயரையும் சொல்லித் தர்ப்பணம் செய்பவர்கள்கூட அங்கே உண்டாம். நம்ம ஊரில் அவரை அவ்வளவு கொண்டாடுவதில்லை. நமக்குக் கரிகாலன் இருக்கிறார், அது போதும் என்று விட்டுவிட்டோமோ என்னவோ.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு இஷ்டமில்லை. கம்பெனிக்கு வரி கூடும் என்று கணக்குக் காட்டித்தான் ஒவ்வொரு அணைக்கும் பணம் வாங்கினார். அவர் யோசனையில் கிளம்பிய கர்நூல் கடப்பா கால்வாய்க் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, கடைசியில் அரசே அதை வாங்கவேண்டி வந்தது. ரயிலுக்குப் போடும் பணத்தைக் கால்வாய்க்குப் போடு, சரக்கையெல்லாம் படகில் அனுப்பு என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பா வேலை பார்க்கும் நம் நண்பர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்! 1876 முதல் 78 வரை நடந்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு லண்டன் பாராளுமன்றக் குழு முன்னால் போய் உட்கார்ந்து இதையே வாதாடினார். பெரிதாகப் பலன் இல்லை.

1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் டார்கிங் என்ற ஊரில் இருந்தார். அங்கேயும் சும்மா இல்லை. வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கொத்தி கோதுமை பயிரிட்டு, எவ்வளவு விளைகிறது என்று அளந்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அடுத்த வருஷம் அவர் மகள் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

இத்தோடு வாழ்க்கை வரலாறு முடிந்தது என்று நிறுத்தலாம். ஆனால் அணையின் வரலாறு முடியவில்லை.

2018 ஆகஸ்ட். நம்மில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மேட்டூர் நிரம்பிச் சுமார் இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. உபரி முழுக்க முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில். முதலில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் இறங்கிப் பாலம் உடைந்தது. 1928-ல் கட்டியது, புதுப் பாலம் வந்தபிறகு பயன்பாட்டில் இல்லாதது. அதனால் உயிர்ச்சேதம் இல்லை. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நானும் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு ஆகஸ்ட் 22 ராத்திரி, உச்ச வெள்ளம் வடியத் தொடங்கியிருந்த நேரத்தில், முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின.

182 வருஷம் நின்ற அணை. (கதவுகளும் மேலே இருந்த பாலமும் காட்டன் காலத்துக்குப் பின்னால் சேர்த்தவை.) ஏன் உடைந்தது என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வயசாகிவிட்டது என்றார்கள். வெள்ளத்தின் வேகம் என்றார்கள். ஆற்றில் மணல் அள்ளிப் படுகையே இறங்கிவிட்டது என்று விவசாயிகள் சொன்னார்கள். நான் டிப்ளமோ மாணவன், தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் மணலில் நிற்கிற கட்டடத்தைச் சுற்றி மணல் இறங்கினால் என்ன ஆகும் என்பது முதல் செமஸ்டர் விஷயம். உடைந்த இடத்தில் மணல் மூட்டையும் பாறையும் கொட்டி இரவு பகலாக அடைத்தார்கள். பிறகு கொஞ்சம் கீழே புதிய கதவணை கட்டப்பட்டது. புதுசு பெரியதாகக் கம்பீரமாக இருக்கிறது. தாத்தா அதை ரொம்ப நேரம் பார்த்தார். கட்டினது சரி, கோடையில யாரு இறங்கிப் பாக்கப் போறா என்று மட்டும் கேட்டார்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நேரத்தில் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் அந்தத் தேதியில் விளக்கு வைக்கும் வீடு இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க அன்றைக்குக் கீற்றுப் பந்தலைப் பற்றியே பேசியது. ஆறு மாதம்கூட முடியவில்லை. அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கேயும் கீற்றுக்கூரை. 94 குழந்தைகள். ஸ்ரீரங்கத்திலிருந்து கும்பகோணம் தொண்ணூறு கிலோமீட்டர்தான். செய்தி போய்ச் சேராத தூரமா? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் லேபில் எல்லோரும் கை தூக்கினோமே, அந்த மாதிரி தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக்கூரைகளைப் பிரித்தார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசுகிறது. மூன்று தையலையும் 94 குழந்தைகளையும் ஒரே கட்டுரையில் வைப்பது சரியா என்று நண்பன் ஒருவன் கேட்டான். சரியா தப்பா தெரியவில்லை. ஆனால் கயிறு கட்டிய கதவுக்கும் அந்தக் கீற்றுக்கும் நடுவில் எனக்கு அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் பேரவைக் கூட்டத்தில் பேசி, துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, வெள்ளிக்கிழமை கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்கினோம். ஒவ்வொரு பேட்சும் தான் அந்த வாரம் வேலை செய்த லேபையோ ஒர்க்‌ஷாப்பையோ ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கணும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதணும். லேத்தில் சக் சாவியை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள், வெல்டிங் ஷெட்டில் கேபிள் தோல் உரிந்திருக்கிறது, எலக்ட்ரிகல் லேபில் ரப்பர் பாய் கிழிந்திருக்கிறது, ஹாஸ்டல் மாடிப்படி லைட் எரியவில்லை, தீயணைப்பான் சிலிண்டரில் தேதி முடிந்திருக்கிறது, இப்படி. எழுதினவன் பேர் கட்டாயம். யார் மேல் தப்பு என்று எழுதக்கூடாது. அதைச் சேர்த்தால் அடுத்த வாரம் ஒருவனும் எழுதமாட்டான் என்று ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சார் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது ரொம்பச் சரி என்று பின்னால் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டைத் திறக்கும்போது முதல் வேலை, போன வாரம் எழுதியது சரியானதா என்று பார்ப்பது. ஆகவில்லையென்றால் அதையே மறுபடி எழுதணும். ஒரு சுவிட்ச் போர்டு மூடி பதினொரு வாரம் தொடர்ந்து எழுதப்பட்டது. பன்னிரண்டாவது வாரம் புது மூடி வந்தது.

முதல் மாதம் உற்சாகமாக நடந்தது. இரண்டாவது மாதம் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்கள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் மூன்று வாரம் நோட்டே திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த மூன்று வாரத்தில் ஒன்றில் என் முறை இருந்தது. அரியர் பயம், நான் போகவில்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கல்லு போகத்தான் செய்யும், போய்ப் பாத்தியா, மறுபடி போட்டியா என்று கேட்டார். போட்டோம் தாத்தா என்றேன். தேர்வு முடிந்ததும் ஆரம்பித்துவிட்டோம்.

வரும் மே மாதம் எங்கள் பேட்ச் வெளியே போகிறது. நோட்டை இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளிடம் கொடுக்கப் போகிறோம். இப்போதைக்கு அதில் முடியாமல் நிற்பது இரண்டு விஷயம். சர்வே ஸ்டோர் ரூம் கதவு உள்ளிருந்து திறக்காமல் மாட்டிக்கொள்கிறது. கேன்டீன் பின்பக்கம் கேஸ் டியூப் மாற்ற வேண்டிய தேதி தாண்டிவிட்டது. இரண்டும் போன வெள்ளிக்கிழமையும் எழுதியிருக்கிறது.

லேப் மெஷின் கதவுக்குப் புதுக் கீல் போட்டாகிவிட்டது. முப்பது ரூபாய்தான் ஆச்சு. அந்தச் சணல் கயிற்றை என் தோழன் எடுத்து வைத்திருக்கிறான்.